கால் பஸ்

மருந்துக்கடைக்காரிக்கு வயிறு எரிந்தது. அவள் வேலை பார்க்கிற கடையில் எரிச்சலுக்கு நாலு விதமாக மாத்திரை இருந்தது, ஆனால் எதிர்வீட்டு டைலரைப் பார்த்து வருகிற எரிச்சலுக்கு எந்த மாத்திரை கேட்கும்?

எல்லாம் பள்ளிக்கூடத்தால் வந்த வினை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வண்டியில் வரவேண்டாம், பெரியவர் ஒருவரோடு கூட்டமாக நடந்தே வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நெரிசல் குறையுமாம், பிள்ளைகளுக்குக் காலும் உறுதிப்படுமாம். யார் கூட்டி வருவது என்று கேட்டதும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நின்றாள் டைலர். மிஞ்சின துணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை தைத்து மாட்டிக்கொண்டு, நீளக் கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகள் பின்னால் வர, விசிலும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். பிள்ளைகள் அதற்குக் கால் பஸ் என்று பேர் வைத்தார்கள். முதல் நாளே அதில் ஏறியது மருந்துக்கடைக்காரியின் ஒரே மகள், தெருவே வாலு என்று கூப்பிடுகிற மூன்றாம் வகுப்புக்காரி.

மகளோடு அவளுக்குக் கிடைப்பதே காலையில் ஸ்கூட்டரில் போகிற கொஞ்ச நேரம்தான். அப்புறம் நாள் முழுக்கக் கடையில் கால் கடுக்க நின்று, வருகிறவர்களின் இருமலில் ஆரம்பித்து மருமகள் சண்டை வரைக்கும் காது கொடுத்துக் கேட்பாள். கேட்காமல் மருந்து கொடுக்க முடியுமா? வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அதனால் காலையில் அது முதுகில் ஒட்டிக்கொண்டு லொடலொடவென்று பேசி வருவது அவளுக்கு உயிர். அதைப் போய்த் தட்டிப் பறித்துவிட்டாளே!

இப்போதெல்லாம் வாலு வாயைத் திறந்தால் டைலர் அத்தை சிரிச்சாங்க, டைலர் அத்தை விசில் ஊத விட்டாங்க என்றுதான் வந்தது.

"வேலைவெட்டி இல்லாம ஊர்ப் பிள்ளைகளை மேய்க்கிறாங்க," என்று கணவனிடம் பொரிந்தாள்.

"உனக்குப் பொறாமை," என்றான் அவன்.

"எனக்கா? அவங்களைப் பார்த்தா? போங்க, போய் வேலையைப் பாருங்க!"

பொறாமைதான். தெருநாய்க்குக் கூடத் தெரியும்.

ஹார்ன் அடிக்க விடுகிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தாள். வாலு மசியவில்லை. கடைசியில் மழைதான் கைகொடுத்தது. ஒரு காலை நாலு தூறல் விழுந்ததும், கயிற்றைப் பிடித்து நின்ற பிள்ளையைப் போய் இழுத்தாள்.

"குடை இருக்கும்மா, நனையாம கூட்டிட்டுப் போறேன்," என்றாள் டைலர்.

"வேணாம்க்கா. என் பிள்ளையை எனக்குப் பார்த்துக்கத் தெரியும்."

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு ஹெல்மெட்டை மாட்டிக் கிளம்பினாள். பின்னால் சத்தமே இல்லை. சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன்டி, உன் டைலர் அத்தை வாயைத் தச்சு விட்டுட்டாங்களா?"

"பேசினா உனக்குக் கேட்காதும்மா."

"யார் சொன்னா? நான்தான் ம்ம் கொட்டிட்டே வருவேனே!"

"நீ எல்லாத்துக்கும் ம்ம் கொட்டுவ. கிளாஸ்ல யாரும் என் பக்கத்துல உட்கார மாட்டேங்கறாங்கன்னு தினமும் சொன்னேன். நீ 'ம்ம், சூப்பர்டா கண்ணு'ன்ன."

மருந்துக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். ஹெல்மெட்டும் காற்றும் லாரிச் சத்தமுமாக இருக்கும்போது எங்கே கேட்க? முதுகில் அந்தக் குரல் அதிர்வதே சுகமாக இருந்தது, அதோடு விட்டுவிட்டாள். வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இப்ப சொல்லு, கண்ணு. யார் உட்கார மாட்டேங்கறது?"

"அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சும்மா. டைலர் அத்தை கயித்துல என்னையும் எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தியையும் பக்கத்துப் பக்கத்துல பிடிக்க வச்சாங்க. இப்ப அவ என் ஃப்ரெண்டு, கிளாஸ்லயும் என் பக்கத்துலதான் உட்கார்றா."

இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? இப்போது எரிந்தது பாருங்கள்! பெற்றவள் கேட்டிருக்க வேண்டியதை எதிர்வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள்.

மறுநாள் ஸ்கூட்டர் வீட்டிலேயே நின்றது. கடைக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, கயிற்றின் கடைசி முனையில் போய் நின்றாள்.

"வாம்மா, கயிறு நீளமாத்தான் இருக்கு," என்று சிரித்தாள் டைலர்.

அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மகள் பக்கம் குனிந்தாள்.

"நேத்து ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

"முழுசாவா? அதுக்குள்ள ஸ்கூல் வந்துடும்மா."

"மெதுவா நடப்போம்."

வாலு ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே, டைலர் இதைப் பார்க்கிறாளா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள் மருந்துக்கடைக்காரி.