வரட்டும் என்று சொன்ன வாய்

அந்தச் சரக்குக் கிடங்கில் அவனுக்குப் பெயரே 'வரட்டும்'தான். லாரி பின்னோக்கி வரும்போது ஓரமாக நின்று அதன் பலகையைத் தட்டி, "வரட்டும், வரட்டும், லேசா ஒடிச்சு வரட்டும்" என்று குரல் கொடுப்பது அவன் வேலை. டிரைவருக்கு முதுகில் கண் கிடையாது. இவன் வாய்தான் கண். பெண் வீட்டார் பேச வரலாமா என்று கேட்டதற்கும் பழக்கதோஷத்தில், "வரட்டும் வரட்டும்" என்றானாம்.

அப்படி வந்த மனைவியோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் மச்சான், அவள் தம்பி. கையைக் காலைப் பிடித்து அவனைக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவன்தான். சேர்ந்த சூட்டோடு சூடாக அவன் மேஸ்திரியிடம், "எங்க மாமா வேலை நேரத்துல தூங்குறாரு" என்று போட்டுக்கொடுத்தான். நன்றிகெட்ட பயல். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மச்சான் இருக்கும் பக்கம் இவன் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை.

ஒரு காலை, கை கழுவிக்கொண்டே மனைவியிடம், "உன் தம்பி செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அன்று மதியமே லாரிக்கும் சுவருக்கும் நடுவே மச்சான் நசுங்கிச் செத்தான். 'வரட்டும்' என்ற குரல் கடைசிவரை நிற்கவில்லை என்று டிரைவர் போலீசில் சொன்னான்.

கொலை வழக்கு போட்டார்கள். அவன் தரப்பு வக்கீல் அவன் மனைவியை உட்காரவைத்துச் சொன்னார்: "சாவுக்கு உங்க வீட்டுக்காரர் குரல்தாம்மா காரணம். அதை மறைக்க முடியாது. ஆனா கொலைன்னு ஆகணும்னா, கொல்லணும்ங்கிற நினைப்பும் அந்த நேரத்துல கூடவே இருந்திருக்கணும். அதுக்குப் போலீஸ்கிட்ட சாட்சி இல்ல."

சாட்சி அவள்தான். "தம்பியைப் பத்தி வீட்டுல ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கோர்ட்டில் கேட்டபோது, "இல்லீங்க" என்றாள். கொலை நிற்கவில்லை. கவனக்குறைவு மட்டும் நின்றது. உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து அவனை அனுப்பிவிட்டார்கள். சட்டத்துக்கு அத்தோடு வேலை முடிந்தது. அவனுக்கு முடியவில்லை. இவள் தன்னைக் கொலைகாரன் என்று நினைக்கிறாளோ என்ற பயம் ஜெயிலிலேயே அவனை அரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்காகப் பொய் சொன்னேன். எனக்கு நெசம் வேணும். அவன் நின்னதைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"சத்தியமாப் பார்க்கல. பார்த்திருந்தா நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேனா?" தலையில் அடித்துக்கொண்டான். "அந்தப் பக்கம் எங்கேயோ நிக்கிறான்னு தெரியும். அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு திரும்பி நின்னுக்கிட்டேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருந்துச்சு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. பாரம் இறங்கிய நிம்மதியில் அவன் தட்டில் கை வைத்தான்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொல்லணும்னு நெனச்சிருந்தாக்கூட, ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்திருப்பீங்க."