எனக்கும் ஒரு டிக்கெட்

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்லாதே, சண்முகவடிவு. ஓடுவதற்கு அவள் என்ன திருடியா? செருப்பு மாட்டிக்கொண்டு, படி இறங்கி, பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், பஸ் ஏறிப் போனாள். மேல்மாடியில் இருக்கிற உனக்கு என்ன தெரியும்? எதிர்வீட்டில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்லித்தான் பத்திரிகைக்கு எழுத வைக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

"ஓசி பஸ்ஸு வுட்டாலும் வுட்டாங்க, சுலோச்சனாவுக்கு ஊட்ல கால் தங்கல" என்று குழாயடியில் பேசுகிறாய். நீயும் அதே பஸ்ஸில்தானே லஸ்ஸுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருகிறாய்? உன் கால் மட்டும் வீட்டிலா இருக்கிறது?

சுலோச்சனா பஸ்ஸில் போவதைப் பார்க்க வேண்டும். இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். நடுவில் கம்பியைப் பிடித்து நிற்பாள். கூட்டத்தில் கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்திருப்பதில்லை. முன்பக்கத்து ஆண்களின் காசெல்லாம் இவள் கை வழியாகத்தான் பின்னால் போகும், சில்லறை இவள் கை வழியாகத்தான் திரும்பி வரும். "யாருப்பா அடையாறு ரெண்டு? இந்தா புடி நைனா, அப்பால சில்ற வரலன்னு கூவாத." எல்லோருடையதும் முடிந்த பிறகு தன் கையை நீட்டுவாள்.

"எனக்கும் ஒண்ணு குடுண்ணே."

"உனக்குதான் ஃப்ரீயாச்சே. இந்தக் கூட்டத்துல இன்னாத்துக்கும்மா?"

"ஃப்ரீன்னா? ஏறுனவ ஆளு இல்லியா? குடுண்ணே."

வாங்கிய டிக்கெட்டை, கண்டக்டர் நோட்டைச் செருகுவதைப் போல விரலிடுக்கில் செருகிக்கொள்வாள். இறங்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

அவள் புருஷன் தேசப்பனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதும் இல்லை. பஸ்ஸுக்குக் காசு தர மாட்டான், அவ்வளவுதான். அம்மா வீடு திருவான்மியூரில். போய்வரட்டுமா என்று கேட்டால், "பஸ்ஸுக்கு ஏது காசு? அட்த்த மாசம் பாக்கலாம்" என்பான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த அடுத்த மாதத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்குப் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று சொன்னார்கள் பார், மறுநாளே அம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாளாம். இவள் அழாமல் சாப்பிட்டாளாம்.

புருஷன் வீட்டை விட்டு அவள் போன பிறகு எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, நந்தனத்தில் இருக்கிற என் மகன் போனில் விசாரித்தான். அடையாறில் லேடீஸ் ஹாஸ்டல் சமையலில் இருக்கிற சுலோச்சனா, அடுப்பை அணைத்துவிட்டுத் தினமும் பஸ் பிடித்து வந்து சொட்டு மருந்து விட்டாள்.

"உனக்கு ஏண்டி இந்தச் செரமம்?"

"எனக்கு இன்னா செலவு ஆயா? கண்ண மூடாத, மேல பாரு."

செலவில்லைதான். பஸ் எல்லோருக்கும்தான் ஓடுகிறது, வந்தவள் அவள். இன்றைக்கு உன் முகம் எனக்குத் தெரிகிறது என்றால், சண்முகவடிவு, அது அவள் விட்ட மருந்து. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளை ஏசாதே.

நடந்ததைக் கேள். அந்த ஹாஸ்டல் வேலையில் சேர வேண்டிய காலை. தேசப்பன் வாசலை மறித்து நின்றான். வேலைக்கென்று போனால் இந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்றான். "சரி" என்று சொல்லித் துணிப்பையை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்திருப்பான் போல. கோபத்தில் அவன் புத்தி பழைய இடத்துக்கே போனது. சட்டைப் பையை இறுக்கிப் பொத்திக்கொண்டு கத்தினான்:

"பஸ்ஸுக்குச் சல்லிக் காசு தர மாட்டேன்! எப்டி போறேன்னு நானும் பாக்கறேன்!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வந்தது பார் ஒரு சிரிப்பு! அவனை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நிற்க முடியவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு செருப்பாக வாரை மாட்டினாள். கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொள்ளாமலே படி இறங்கினாள்.