மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய மாமா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும். எங்கே இரண்டு சுழி ன, எங்கே மூன்று சுழி ண என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச எனக்கு வராது. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு மல்லாட்டை மண்டி. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம், வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அத்தாவின் அண்ணனுக்கு, அதாவது என் பெரியத்தாவுக்கு, அதே தெருவில் இரும்புக் கடை. எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, இந்த இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அக்காவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பார்த்த அத்தா, அண்ணனைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார். தோளில் தூக்கி வளர்த்த பெண்ணுக்கு முடிவு செய்யும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று பெரியத்தாவுக்குக் கோபம். மாப்பிள்ளை நல்ல பையன் என்பதில் அவருக்கும் மறுப்பில்லை. அதுதான் கோபத்தை இன்னும் வளர்த்தது என்று நினைக்கிறேன்.

மூன்று நாளுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கக் கூடாது, முதலில் சலாம் சொல்கிறவரே சிறந்தவர் என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் பயான், அதாவது பிரசங்கம், செய்யும்போதெல்லாம் இருவரும் தலையாட்டுவார்கள். அந்தச் சிறப்பை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தபடியே மாதங்கள் ஓடிவிட்டன.

நிக்காஹ் நெருங்கியது. மணப்பெண்ணிடம் சம்மதமா என்று கேட்ட பிறகுதான் அந்தக் கல்யாண ஒப்பந்தம் நடக்கும். அக்கா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"பெரியத்தா வராம, சம்மதமான்னு கேட்டா எனக்கு வாயே வராதும்மா" என்று அழுதாள்.

அம்மா கெஞ்சினாள். அத்தா அசையவில்லை. "அவருதான பெரியவரு? வந்து சலாம் சொல்லட்டும். நானா வேணாங்கறேன்?"

பெரியத்தாவோ, "சின்னவன் அவன். அவன் வந்து சொல்லட்டும்" என்றாராம்.

இந்தச் செய்திகளைச் சுமந்து அங்கும் இங்கும் நடந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். எப்போதும் சிரித்த முகம். தொழுகைக்கு மட்டும் கடைசி ஆளாகத்தான் வருவார். மேல்மலையனூர்க் கோயிலில் அமாவாசை என்றால், சைக்கிளில் போகிறவர்களுக்குக் காற்றடித்துக்கொண்டே ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுவதைத் தவறவிட்டுவிடுவார்.

அத்தாவும் பெரியத்தாவும் வேளை தவறாமல் ஒரே பள்ளிவாசலில்தான் தொழுதார்கள். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னதுமே பெரியத்தா வந்து முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நின்றுகொள்வார். அத்தா கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் முதல் வரிசை நிரம்பிவிடும். இரண்டாவது வரிசையை நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது முறை. ஆகவே, அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றிருந்த தம்பி, தினமும் அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆனது. சஜ்தாவில் அத்தாவின் நெற்றி பெரியத்தாவின் குதிகாலுக்குப் பின்னால் தரையைத் தொடும். தொழுகை முடிந்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விடுவார்கள்.

ஒருநாள் மாலை மஃரிபு தொழுகைக்கு மாமா பாங்குக்கு முன்பே வந்துவிட்டார். பாங்கு சொல்லும் மோதினாரே ஆச்சரியப்பட்டு, "இன்னா பாய், கடையில கூட்டமே இல்லியா?" என்றார். மாமா சிரித்துவிட்டு முதல் வரிசையில் பெரியத்தாவுக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தா வந்தபோது இரண்டாவது வரிசையின் நடு இடத்தை ஒருவர் முந்திப் பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், மாமாவுக்கு நேர் பின்னால் அத்தா நின்றார். இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதற்கு முன் மாமா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நான் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நின்றேன். இமாம் ஓதத் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். மாமா கட்டிய கையை அவிழ்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், தலையைக் குனிந்தபடி வரிசைகளை விலக்கி வெளியே நடந்தார். என்னைக் கடந்தபோது சட்டையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

பெரியத்தாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. வரிசையில் இடைவெளி விட்டால் ஷைத்தான் வந்து நின்றுகொள்வான் என்று மதரஸாவில் சொல்லித் தந்திருந்தார்கள். தொழுகையில் சஜ்தா செய்யும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடைக்க வேண்டியவர் நேர் பின்னால் நிற்கிறவர். அத்தா நகரவில்லை. பக்கத்து ஆள் முழங்கையால் லேசாக இடித்தார். அப்போதும் நகரவில்லை. இமாம் ஓதி முடிக்கப்போகிறார். ருகூவுக்குக் குனிவதற்குச் சற்று முன்பு அத்தா ஓரடி எடுத்து வைத்தார். இன்னும் ஓரடி. பெரியத்தாவின் தோளும் அவர் தோளும் ஒட்டிக்கொண்டன.

தொழுகை முடிவில் முதலில் வலப்பக்கம் திரும்பிச் சலாம் சொல்வோம், பிறகு இடப்பக்கம். எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவதால் முகத்துக்கு முகம் சந்திக்காது. பெரியத்தா சொன்ன சலாம் அத்தாவின் காதோரத்தில் விழுந்தது. அடுத்து அத்தா சொன்ன சலாம் பெரியத்தாவின் பின்னங்கழுத்தில் விழுந்தது. யார் முதலில் சொல்வது என்று பிடித்த பிடிவாதம் எல்லாம் வரிசையின் ஒழுங்கிலேயே தீர்ந்துபோனது.

கையேந்திக் கேட்கும் துஆவும் முடிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியத்தா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"மேகம் கட்டிகினு நிக்குது. மூட்டைங்கள உள்ள போட்டுட்டியா?"

"இல்லண்ணா."

"அப்ப இன்னா உக்காந்துகினு இருக்க? எழுந்திரு."

இருவரும் ஒரே வாசல் வழியாகப் போனார்கள். மண்டிக்கு வெளியே கிடந்த மல்லாட்டை மூட்டைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே போட்டார்களாம். மறுநாள் அத்தாவும் அம்மாவும் பெரியத்தா வீட்டுக்குப் போய் அழைத்தார்கள். நிக்காஹில் பெரியத்தாதான் முதல் சாட்சி. அக்காவுக்கு வாய் வந்தது.

மாமாவைத்தான் கடைத்தெரு விடவில்லை.

"ஊரு சைக்கிளுக்கெல்லாம் காத்தடிக்கிற, உன் காத்த அடக்க முடியலியா பாய்?"

"பழைய ட்யூப்பு பாய். எங்க ஒட்டுப் போடறது?" என்று மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

மூக்கில் ரத்தம் வந்ததற்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மீசை முளைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொழுகையில் காற்றுப் பிரிந்து, கை கால் முகம் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிட்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறலாம். மூக்கில் ரத்தம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், மனிதனின் வெட்கம் காக்கப்படும். ஆனால் அந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாருடைய வெட்கமும் காக்கப்படுவதில்லை. தக்க காரணமில்லாமல் தொழுகையை நடுவில் முறிப்பது லேசான காரியமல்ல, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை நான் பார்த்த மீதியையும் எழுதிவிடுகிறேன். இதை அத்தாவிடமோ பெரியத்தாவிடமோ நான் சொன்னதில்லை.

எல்லோரும் போன பிறகு, சைக்கிளில் வீட்டுக்குப் போகலாம் என்று மாமாவைத் தேடினேன். ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். கை காலெல்லாம் காய்ந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, நேராக உள்ளே போய், ஒரு தூணுக்குப் பின்னால் தொழ நின்றார். ஒளு இல்லாத தொழுகை கூடாது என்பது எனக்கே தெரியும். ஓடிப்போய்ச் சட்டையை இழுத்தேன்.

"மாமா, நீங்க ஒளு செய்யல."

"ஒளு இருக்குதுடா. போய் சைக்கிளண்ட நில்லு."

பெரியவர்களும் மறந்துபோவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தூறல் விழத் தொடங்கியது. மாமா கடைசி சஜ்தாவில் தலை வைத்தார். நெடுநேரமாகியும் எழவேயில்லை. கடை வேலை அலுப்பில் அப்படியே தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுப்பினால் திட்டுவாரோ என்று பயந்து, அவர் தானாக விழிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

செஞ்சி,
12-7-2019, வெள்ளிக்கிழமை.