தொண்டை சரியில்லை

அந்தக் கடைவீதியில் "சைலன்சர் கடை எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வண்டி பழுது பார்க்கிற இடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை மாற்றித் தைக்கிற கடை அது. வாசலில் எந்நேரமும் ஏதாவது ஒரு சோபா குடல் சரிந்து கிடக்கும். உள்ளே ஸ்பாஞ்ச் பலகைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அவற்றின் உச்சியில் யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல்நிறப் பூனை ஒன்று ராஜா மாதிரி தூங்கும்.

சைலன்சர் என்பது கடைக்காரனுக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். அவனுக்கு வாய் திக்கும். சொல் தொண்டைவரை வந்து மாட்டிக்கொள்ளும். இமை படபடக்கும், தாடை ஒருபக்கமாக இழுக்கும், தலை வெடுக்கென்று ஆடும். அதற்குள் எதிரில் நிற்பவர் பொறுக்கமாட்டாமல் அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார். அதுவும் பாதி நேரம் தப்பாக இருக்கும். பச்சை நூல் கேட்கப் போய் "ப... ப..." என்று அவன் நிற்க, நூல்கடைக்காரர் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். இல்லை என்று சொல்ல இன்னொரு சொல் வேண்டுமே. பேசாமல் பஞ்சை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அப்படி வந்து சேர்ந்த பஞ்சே கடையில் ஒரு மூலை நிறையக் கிடந்தது.

நேரிலாவது அவன் பாடு தெரியும். தொலைபேசியில் முகம் எங்கே தெரிகிறது? "ஹலோ, ஹலோ... லைன் கட்டாயிடுச்சு போல" என்று எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். அதனால் கடைக்கு வருகிற அழைப்பையெல்லாம் தங்கைதான் எடுப்பாள். அண்ணனுக்கு நேர்மாறு அவள். வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வைக்கவேண்டும். அண்ணன் தோளைக் குலுக்கினால் போதும், அதை நாலு வாக்கியமாக்கி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, கணவனோடு விமானம் ஏறிப் போகவேண்டிய ஊருக்குக் குடிபோனாள். கடையில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது.

அவன் விரல்களுக்குத் திக்கல் கிடையாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. பெயர்ப்பலகையில் எண்ணுக்குக் கீழே, "அழைக்க வேண்டாம், மெசேஜ் அனுப்பவும்" என்று எழுதிவைத்தான். கிழிந்த சோபாவைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அவன் துணிகளைப் படம் பிடித்து அனுப்பினான். நடுநடுவே அவன் எழுதியதைப் படித்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக உள்ளேயே பூட்டிவைத்திருந்த கிண்டலெல்லாம் விரல் நுனி வழியாகக் கொட்டியது. கடைவீதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு வரி போட்டால் பத்துப் பேர் விழுந்து சிரிக்கிற பொம்மையை அனுப்பினார்கள். "சைலன்சருக்குள்ள இப்படி ஒரு வாயாடியா?" என்று கண்ணாடிக் கடைக்காரர் அசந்துபோனார்.

அவனுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று நடந்தது, அவன் கவனிக்கவில்லை. எழுத முடிகிற இடத்தில் எதற்குப் பேசவேண்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் அவன் பேசுவதையே விட்டுவிட்டான். சாமான்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. பஸ்ஸுக்குப் பதிலாக வண்டியைச் செயலியில் கூப்பிட்டான். பூனையிடம் பேசுகிற இரண்டு சொல்லைத் தவிர, நாள் முழுக்க அவன் குரல் வெளியே வராத நாட்களும் உண்டு. தப்பித்தவறி யாரிடமாவது பேச நேர்ந்தால், திக்கல் முன்னைவிட மோசமாக இருந்தது.

தங்கைதான் கண்டுபிடித்தாள். "அண்ணா, நீ எழுதுறதெல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் குரலே மறந்துபோச்சு" என்று ஒருநாள் குரல்செய்தி அனுப்பினாள். அவன் அதற்குப் பதிலாக, 'மறக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தவளைப் படத்தைப் போட்டான். அவள் தவளையைப் பார்த்துச் சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. பதில் வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் முடிவெட்டும் கடைக்காரி ஒருத்தியின் செய்தி வந்தது. அடுத்த தெருவில் புதிதாகக் கடை எடுத்திருந்தாள். பழைய ஆள் விட்டுப்போன சுழல் நாற்காலிகள் நாலும் கந்தலாகக் கிடந்தன. படத்தைப் பார்த்தவன், 'இதைக் கடிச்ச மிருகத்தைப் பிடிச்சாச்சா?' என்று கேட்டு எழுதினான். 'இல்ல, அது கஸ்டமர். அடுத்த வாரம் மறுபடி வர்றார்' என்று உடனே பதில் வந்தது. அவனுக்குச் சரியான ஆள் மாட்டியது போலிருந்தது. துணி நிறத்தில் தொடங்கிய பேச்சு, நாற்காலியை விட்டு எங்கெங்கோ போனது. காலையில் கடை திறக்கும்போது அவளிடமிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது.

ஒரு பிற்பகல், சொல்லாமல் கொள்ளாமல் அவளே கடைக்குள் வந்து நின்றாள்.

"நீங்கதானா அது? இந்தப் பக்கம் வந்தேன், துணியைத் தொட்டுப் பார்த்துடலாம்னு. உங்க மெசேஜைப் படிச்சு எங்க கடையில எல்லாரும் சிரிக்கிறோம்" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். "வாங்க" என்றுதான் சொல்ல நினைத்தான். உதடு குவிந்தது, அங்கேயே நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு மெல்லக் குழப்பமாக மாறுவதைப் பார்த்தான். கையிலிருந்த கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் போனை எடுத்து வேகவேகமாகத் தட்டினான். இரண்டடி தள்ளி நிற்பவளின் பைக்குள் போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் படித்தாள். 'மன்னிக்கணும், தொண்டை சரியில்லை. பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.'

"அடடா, முதல்லயே சொல்லக்கூடாதா? வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அவளும் அக்கறையாகத் துணியைப் பார்த்துவிட்டு, பாவமே என்று தானும் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் தொண்டை விசாரிப்புதான். வெந்நீர் குடித்தாரா, காற்றாடிக்கு நேராகப் படுக்காமல் இருக்கிறாரா, வேறு டாக்டரைப் பார்க்கலாமே என்று செய்தி வந்தபடி இருந்தது. இல்லாத தொண்டைவலிக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு நிலவரம் எழுதி அனுப்பினான். எழுதும்போது முன்பிருந்த சந்தோஷம் இல்லை. நாற்காலி வேலை முடிந்தும், இன்னும் கொஞ்சம் பாக்கி என்று இழுத்தடித்தான். கொண்டுபோய்க் கொடுத்தால் பேசவேண்டுமே.

அந்த வாரக் கடைசியில் தங்கை வீடியோ அழைப்பில் வந்தாள். அவள் மகளுக்கு அப்போது நாலு வயது. வழக்கமாக அம்மாவும் மகளும் பேசுவார்கள், இவன் கையாட்டுவான், கண்ணை உருட்டுவான், எழுத வேண்டியதை எழுதுவான். அன்றைக்கு அடுப்பில் ஏதோ பொங்க, தங்கை போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஓடினாள். திரையில் குழந்தை மட்டும் இருந்தாள்.

"மாமா, பூனை எங்க?"

நாலு வயதுக் குழந்தைக்கு எழுதி அனுப்ப முடியாது. வேறு வழியில்லாமல் அவன் வாயைத் திறந்தான். "பூ..." என்றான். அவ்வளவுதான். தாடை இழுத்துக்கொண்டது, கண் ஒரு பக்கமாக நிலைகுத்தியது.

குழந்தை திரையை உற்றுப் பார்த்தாள். பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அம்மா, மாமா நின்னுட்டார்" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"நெட் ஸ்லோவா இருக்கும்டா. வெயிட் பண்ணு, வந்துடுவார்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

குழந்தை கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அவள் பார்த்து வளர்ந்த மாமாக்கள், சித்திகள், தாத்தாக்கள் எல்லாருமே திரைக்குள் இருப்பவர்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது வாயைப் பிளந்தபடி அவர்கள் உறைந்து நிற்பது அவளுக்குப் புதிதல்ல. கொஞ்சம் பொறுத்தால் விட்ட இடத்திலிருந்து வந்துவிடுவார்கள். இதில் கூச்சப்படவோ பரிதாபப்படவோ என்ன இருக்கிறது?

அவனுக்கோ, தன் முன்னால் ஒருவர் சொல்லை எடுத்துக்கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது புது அனுபவமாக இருந்தது. தாடை தானாகத் தளர்ந்தது.

"பூனை... ஸ்பாஞ்சு மேல தூங்குது."

"வந்துட்டார்" என்று அம்மாவுக்கு அறிவித்துவிட்டு, "எப்ப எழுந்திருக்கும்?" என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

தங்கை கரண்டியோடு வந்து பார்த்தபோது அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். நின்று, நின்று, பேசிக்கொண்டிருந்தான். தான் கத்திச் சொன்னது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ அண்ணா, நான் நிஜமாவே நெட்டுன்னுதான்..." என்று ஆரம்பித்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாமாவும் மருமகளும் அடிக்கடி பேசினார்கள். பூனையின் நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதால் அவன் இட்டுக்கட்டிச் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் ஒன்று அவனை உறுத்தியது. ஏற்கெனவே ஒருத்தியிடம் தொண்டைவலி என்று புளுகியாயிற்று, இப்போது குழந்தையிடம் நெட்டா? ஒருநாள் சொல்லிவிட்டான். "நெட் இல்லடா குட்டி. நான்தான் நி... நிக்கிறேன். எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும்."

குழந்தை யோசித்தாள். "நேர்ல வந்தாலும் நிப்பியா?"

"நிப்பேன்."

"சரி. பூனை அப்புறம் என்ன பண்ணுச்சு?"

குழந்தைக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது.

மறுநாள் காலை சிறிய சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்து, நாலு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போனான். வழியெல்லாம் முதல் சொல்லை உருட்டிக்கொண்டே போனான். போய் இறங்கியதும் அது மறந்துபோனது.

"வாங்க வாங்க. தொண்டை எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"தொ..." என்றான். நின்றது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதைத் தேடிப் போனதை அவனே பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான். "தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. என்னிக்குமே இ... இருந்ததில்ல. எனக்குத் திக்கும். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் எதிர்பார்த்தது பரிதாபம். வந்தது கோபம்.

"ஏங்க, இத்தனை நாளா உங்களுக்கு உப்புத் தண்ணி, வெந்நீர்னு சொல்லிட்டிருக்கேன். என் சித்தப்பாகிட்ட வேற தொண்டை டாக்டர் விலாசம் வாங்கி வச்சிருக்கேன். திக்குதுன்னு ஒரு வரி எழுதக்கூடாதா? அதுக்கா உங்களுக்கு விரல் வலிச்சுது?"

"த... தப்புதான்" என்றான்.

"தப்புதான்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள், தையலை விரலால் தடவினாள். வேலையில் குறை சொல்ல முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது. "சரி, உட்காருங்க. முதல் ஆளா நீங்களே உட்கார்ந்து பாருங்க. தலையும் காடா இருக்கு."

அவன் முடிவெட்டிக்கொள்ளப் பயப்படுகிறவன். பேச்சுக் கொடுக்காத கடையாகத் தேடி, ஊருக்கு வெளியே போய் வெட்டிக்கொண்டு வருவான். இவளோ ஊர்க்கதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெட்டுகிறவள். துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டதும், "தங்கச்சி எங்க இருக்காங்க? குழந்தை இருக்கா?" என்று ஆரம்பித்தாள்.

"இ... இருக்கா" என்றான். தலை வெடுக்கென்று ஆடியது. அவள் கத்தரியை மேலே தூக்கிக்கொண்டாள். கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி நின்றாள். சொல் வெளியே வந்து, தலை நிலைக்கு வந்ததும் மறுபடி வெட்டினாள். "காது போயிடும், அதான்" என்றாள்.

அப்படியே நடந்தது. அவன் மருமகளைப் பற்றிச் சொன்னான், பூனையைப் பற்றிச் சொன்னான். சொல் மாட்டிக்கொண்டபோதெல்லாம் கத்தரி மேலே போனது, சொல் வந்தபோது இறங்கியது. அடுத்து வெட்டிக்கொள்ள வந்தவர் பத்திரிகையை இரண்டு முறை புரட்டிவிட்டு, அவசரமில்லை என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது சட்டைப் பையில் போன் அடித்தது. பெயர்ப்பலகையைப் படிக்காத யாரோ. அவன் எடுத்தான். பெயரைச் சொல்வதற்குள் எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். அவன் அந்த எண்ணுக்குத் தானே திருப்பி அழைத்தான்.