மாடி வீடு கேட்டு வந்த பெண்

இன்று காலை ராமநாதபுரத்தில் எங்கள் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தாள். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அம்மாவும் மட்டும்தான். பேசியதுமே எனக்குப் பிடித்துவிட்டது. சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"சொந்த ஊரு எதும்மா?"

"மண்டபம் அகதி முகாம்க்கா. அம்மா சிலோன்லருந்து வந்தவுக. நான் பொறந்தது இங்கனதான், ஆனா குடியுரிமை இல்ல. போன தடவ சட்டத்தத் திருத்துனப்ப எங்களச் சேக்கல. அடுத்து திருத்துனா சேப்பாகளான்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

சாவியை மேசையில் வைத்தேன். "வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்றேம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்னா வேணாம்னே சொல்லுங்கக்கா. சொந்தக்காரவுக குடிவாராகன்னு சாக்கு மட்டும் சொல்லாதீக" என்றாள். கோபப்படாமல்தான் சொன்னாள்.

இவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று இதே முகநூல் பக்கத்தில் எத்தனை பதிவு போட்டிருக்கிறேன்.

வயலுக்குப் போயிருந்த கணவரைப் போனில் கேட்டேன். "இதுல கேக்க என்ன இருக்கு? வரச் சொல்லு" என்றார். தயங்கியது நான் மட்டும்தான்.

மதியம் அவளைப் போனில் அழைத்து, குடிவரச் சொன்னேன்.

"அம்மாட்ட சொன்னேன்க்கா. யோசிச்சுக் குடுக்குற வீடு வேணாங்குறாக. தப்பா எடுத்துக்காதீக."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது?

டெல்லி எப்போது மனம் வைக்குமோ தெரியாது. உங்கள் மாடி காலியாக இருந்து அவள் வந்திருந்தால், உடனே சரி என்றிருப்பீர்களா? லைக் வேண்டாம், பதில் சொல்லுங்கள்.