பன்னிரண்டாவது படத்தின் முகம்

லாத்தா! முன்பெல்லாம் என் அக்கா உன்னை இப்படிக் கூப்பிட்டால், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு "என்னடா?" என்று திரும்புவாய். இப்போது அடுப்படியிலிருந்து உம்மாதான் எட்டிப் பார்க்கிறார்.

மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான், நீ போய் முப்பத்தெட்டு நாளாகிவிட்டது. நம் கதைக்குப் பதினொரு படம் முடித்திருந்தோம். பன்னிரண்டாவது உன் பென்சில் கோட்டோடு நிற்கிறது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு செல்போன் கடைக்குப் போனவன். வரைய எனக்கு வராது. நீதான் கெட்டித் தாளில் வரைவாய், டீ டிக்காஷனைத் தொட்டு, வெள்ளத்தில் முழுகின சம்பா வயலைப் பூசுவாய். நான் அதை மாடியில் வைத்துப் படம் பிடித்து, வாப்பா துபாயிலிருந்து அனுப்பின டேப்லெட்டில் ஏற்றி, மேலே மழையும் பனியும் போடுவேன்.

ஆட்டைத் தேடி வெள்ளத்தில் போகிற ஒரு பிள்ளையின் கதை. எல்லாப் படத்திலும் அவளுக்கு முதுகுதான். இல்லாவிட்டால் குடை மறைத்திருக்கும். "கண்ணு மட்டும் வரையாதே. உசுரு குடுக்க முடியுமா உன்னால?" என்று, உருவம் வரைவது மார்க்கத்தில் ஆகாது என்கிற உம்மா உன் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். நீ சண்டை போடவில்லை.

"மூஞ்சி செய்ற வேலையப் பனி செய்யட்டும்டா. பயமான எடத்துல கெட்டியாப் போடு. வெளிச்சத்தை மட்டும் நீ போடாதே, அதைத் தாள்லயே வெள்ளையா விட்டு வெச்சிருக்கேன்" என்பாய். நான் அதையும் மூடிவிட்டு உன்னிடம் குட்டு வாங்குவேன்.

நேற்று, தஞ்சாவூரில் நம் புத்தகத்தைப் போடுகிற மேடம் போன் செய்தார். "தம்பி, எல்லாத்துலயும் முதுகாவே இருக்கு. கடைசிப் படத்துலயாவது அந்தப் பொண்ணு மூஞ்சியக் காட்டுங்க. நாளைக்கு நாலு மணிக்கெல்லாம் அச்சுக்குப் போயிடும்."

"அக்கா மூஞ்சி வரைய மாட்டாங்க மேடம்" என்றேன். வரைய மாட்டாங்க. அப்படித்தான் வாயில் வந்தது.

இன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் முதுகு காட்டி நிற்கிற பிள்ளை. உன் கோட்டுக்கு மேலே புதிதாக ஒரு லேயர் போட்டு அவளைத் திருப்பினேன். மூக்கு வந்தது, வாய் வந்தது. கண்ணும் வைத்துவிட்டேன். உன் கண். நம் வீட்டில் உன் போட்டோ ஒன்றுகூட மாட்டவில்லை. இத்தனை நாள் கழித்து நீ என்னைப் பார்த்தாய். அதை எப்படி அழிப்பேன்?

"என்னடா பண்றே?"

பின்னால் உம்மா. மறைக்கக்கூட நேரமில்லை.

"கிட்டக் கொண்டா."

கொடுத்தேன். உம்மா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளா?"

"ஆமா உம்மா."

"எளச்சுப் போயிட்டாளே" என்று விரலால் கன்னத்தைத் தடவினார். கண்ணுக்குக் கீழே நான் போட்டிருந்த மழைத்துளியைத் துடைத்துவிட்டார்.

கன்னத்தை மெலிதாக்க எடுத்த கரைக்கிற பிரஷை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். உம்மா விரல் போன இடமெல்லாம் மூஞ்சி கரைந்து பனியாகப் போனது. அடியிலிருந்து உன் பென்சில் முதுகு தெரிந்தது.

"யா அல்லாஹ்! அழிச்சிட்டனா? திரும்ப வருமாடா?"

வரும் லாத்தா. ரெண்டு விரலால் தட்டத் தட்ட, போனதெல்லாம் வரும். விரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"வராது உம்மா" என்றேன். பொய்தான்.

அப்படியே மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். 'மூஞ்சி இல்லை மேடம். அக்கா வரைந்தது இவ்வளவுதான்' என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வாசலில் நீ விட்டுவைத்த வெள்ளையை இந்தத் தடவை நான் மூடவில்லை, லாத்தா.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் என் லாத்தாவுக்காக ஒரு துஆ கேளுங்கள். அவள் படுத்திருக்கிற இடத்தில் அல்லாஹ் கொஞ்சம் வெளிச்சம் விட்டு வைக்கட்டும்.