சுத்தமான பிரதி

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில், பழைய ஆவணங்களை ஸ்கான் செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் பேர்ள் பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். மன்னாரிலிருந்து வந்தவர், வயது ஐம்பத்தாறு. தாள்களைப் பிணைத்திருக்கும் துருப்பிடித்த கம்பியை இழுக்கக் கூடாது, மெல்லிய தகட்டைக் கீழே செருகி இரண்டு காலையும் நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்பதை, பல தாள்களைக் கிழித்தபின் தானாகவே கற்றுக்கொண்டவர். பிறருடைய கடதாசியை அவர் வாசிப்பதில்லை. ஒரே தாளுக்குப் பல பிரதிகள் இருந்தால், பெட்டிக்காரர் நிரப்பிய படிவம் அனுமதிக்கும்போது, மிகச் சுத்தமானதை மட்டும் வைத்துக்கொள்வார். மீதி பூட்டிய தொட்டிக்குள் போகும். வியாழக்கிழமைகளில் லொறி வந்து அதை அரைத்துக் கொண்டுபோகும்.

அந்தப் புதன்கிழமை வந்தது ஒரு பிரெஞ்சுப் பெட்டி. 1968 மே மாதம் பாரிசில் மாணவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரங்கள், ஒரு கார்த் தொழிற்சாலையின் வேலைநிறுத்த அறிவிப்புகள். ஒரு பிரசுரத்தில் தொழிற்சாலைப் படம், புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் இறுகிய கை. அதில் பதினொரு பிரதிகள். மூன்றில் பின்பக்கப் பென்சில் எழுத்து முன்பக்கம் வரை தெரிந்தது. கம்பனிகளின் பற்றுச்சீட்டுகளோடு பழகிய கண்ணுக்கு அது அழுக்கு. பேர்ள் அந்த மூன்றையும் முதலில் கழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் பழனிசாமி வந்து நின்றார். திருப்பூர்க்காரர்.

"அக்கா, அந்த பிரெஞ்சுப் பெட்டியோட டூப்ளிகேட்டெல்லாம் எங்க?"

"எங்க இருக்கும்? தொட்டிக்குள்ள போட்டன். நேற்று லொறி வந்ததெல்லோ."

பழனிசாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவற்றைக் கேட்டிருந்தவர் பெட்டிக்குச் சொந்தக்காரர் சவரிநாதன். புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குப் போய், அந்தக் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இப்போது இதே நாட்டில், மெல்பேர்னின் புறநகரான டார்னெய்ட்டில், மகளோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கினார்கள். வாசலில் யார் எப்போது காவல் நிற்பது என்ற பட்டியலை, வேறு தாள் இல்லாததால், பிரசுரத்தின் முதுகில் எழுதினார்கள். பின்னாளில் யாரோ சவரிநாதனை, வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்த கருங்காலி என்றார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த ஊர் ஆவணக் காப்பகம், உள்ளே தங்கியவர்களின் பெயர்களை அச்சிடுகிறது. உயிரோடிருக்கும் இரண்டு பேர் சவரிநாதன் அங்கே இருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாத முடிவுக்குள் அவர் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த மூன்று தாள்கள்தான் ஆதாரம்.

பேர்ள் அரைக்கும் கம்பனிக்குப் போன் எடுத்தார். எல்லாம் கடதாசிக் கூழாலைக்குப் போய்விட்டது என்றார்கள். நம்பாமல் பின்முற்றத்துக்குப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டு, அடிவரைக்கும் தடவினார்.

"மெயில் போட்டாப் போதும்க்கா," என்றார் பழனிசாமி. "பிரதிகளை அழிக்கலாம்னு அவரு பொண்ணே டிக் போட்டிருக்காங்க. நம்ம மேல தப்பே இல்ல."

"ஆர் தப்பெண்டு நான் கேட்டனானே? நம்பரைத் தாரும் தம்பி."

கிழவர் முதல் மணியிலேயே எடுத்தார். பேர்ள் நடந்ததைச் சொன்னார். சுத்தமான பிரதி பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"சுத்தமானது அந்தக் காப்பகத்துக்காரங்ககிட்டயே நூறு இருக்கும்மா," என்றார் சவரிநாதன். "பென்சில் எழுத்தைப் பாத்தியா?"

"எழுத்து இருந்ததைக் கண்டனான், அங்கிள். அதாலதான் கழிச்சனான்."

"அப்போ பாத்திருக்கே! வரிசையாப் பேரு. அஞ்சாவது என்னுது. கூட நின்னவனுங்களுக்கு எழுத வராதுன்னு நானே எழுதினேன்."

"நான் வாசிக்கேல்லை."

"கண்ணு பட்டுச்சுல்ல? பாத்தேன்னு ரெண்டு வரி எழுதி, கம்பெனி முத்திரை போட்டுக் கொடு. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேங்கறானுங்க. பத்தொம்பது ராத்திரி வாசல்ல நின்னேம்மா. என் பொண்டாட்டி அதை நம்பாமலே செத்தா."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேர்ள் கண்ணை மூடி மூடி அந்தத் தாள்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்றின் மூலையில் கோப்பை வைத்த வட்டம் வந்தது. வலப்பக்கம் சாய்ந்த கோடுகள் வந்தன. ஒரு பெயரும் வரவில்லை. தேவாலயப் பூசையில் மற்றவர்கள் எழுந்தபோதும் முழங்காலிலேயே இருந்தார். அப்போதும் வரவில்லை.

திங்கட்கிழமை கடிதம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். பழனிசாமி தோளுக்குப் பின்னால் நின்றார்.

"பேரையும் சேத்துருங்கக்கா. பிரான்சில இருந்து ஃப்ளைட் புடிச்சு வந்தா கேக்கப் போறானுங்க?"

பேர்ள் 'சவரிநாதன்' என்று தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார். அவர் கடைசிவரை வாசலில் நின்றார் என்பதில் பேர்ளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினான்கு வருடமாக ஒவ்வொரு பெட்டியோடும் அவர் கையெழுத்திட்டு அனுப்பும் தாளில் ஒரே வரிதான்: நான் கண்டது இதில் உள்ளபடியே இருக்கிறது. மறுபடி அழித்தார்.

பிறகு சவரிநாதனுக்குப் போன் எடுத்து, கடிதத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினார். பதினொரு பிரதிகள் இருந்தன. மூன்றின் பின்பக்கம் பென்சிலில் எழுதப்பட்ட வரிசைகள் இருந்தன. வாசிக்காமல் அவற்றை அழிக்கப் போட்டது நான்.



"என் பேரு எங்கம்மா?"

"அது இதில இல்லை, அங்கிள்."

"திரும்பப் படி."

பேர்ள் திரும்பப் படித்தார். "அப்பா, போனை இப்படிக் குடுங்க," என்று மகளின் குரல் கேட்டது. அவர் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவ படி," என்றார்.